ஈ.பி. பரீட்சையின் கதை: தடை யாருக்காக?

 

ஹெந்தளை, வத்தளை, மாபோலைப் பக்கங்களில் இருந்து நம் பிள்ளைகள் அரச சேவைக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆசிரியர், தாதி, அபிவிருத்தி உத்தியோகத்தர், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் என்று எந்த வேலையாக இருந்தாலும் நியமனக் கடிதம் கிடைத்த நாள் வீட்டில் பெருநாள்தான். அந்தக் கடிதத்திலேயே இரண்டு நிபந்தனைகளும் இருக்கும். ஒன்று, உரிய காலத்துக்குள் வினைத்திறன் காண் தடைதாண்டற் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். மற்றது, இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். அன்றைய சந்தோஷத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து சம்பள ஏற்றம் நின்ற பிறகுதான் கடிதத்தைத் தேடி எடுத்து வாசிக்கிறோம்.

"வேலை கிடைத்த பிறகும் எதற்குப் பரீட்சை?" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பின்னால் 150 வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. நம் நாட்டின் மொழிப் பிரச்சினையின் ஒரு முக்கியமான அத்தியாயமே இந்த ஈ.பி. பரீட்சை மண்டபத்துக்குள்தான் நடந்தது. நம் பாடப்புத்தகங்களில் அது விரிவாக வருவதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

*ஈ.பி. என்றால் என்ன?*

அரச உத்தியோகத்தருக்கு ஒரு சம்பள அளவுத்திட்டம் உண்டு. வருடத்துக்கு வருடம் ஒரு படி ஏறும். அந்தப் படிகளுக்கு நடுவே ஓர் இடத்தில் தடை போட்டிருப்பார்கள். பரீட்சையில் சித்தியடைந்தால் தடையைத் தாண்டி அடுத்த படிக்குப் போகலாம், இல்லையென்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். "தடைதாண்டல்" என்ற பெயர் இப்படித்தான் வந்தது. பேச்சில் நாம் ஈ.பி. என்கிறோம்.

பாடங்கள் சேவைக்குச் சேவை மாறும். அலுவலக வேலை செய்பவர்களுக்குத் தாபனக் கோவை, நிதிப் பிரமாணங்கள், அலுவலக முறைகள் என்பவை பிரதானம். லீவு எப்படிக் கொடுப்பது, அரச பணத்தை எப்படிக் கையாள்வது, கோப்பை எப்படி நடத்துவது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மக்களின் வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும். நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு மொடியூல்கள் இருக்கின்றன.

இதைவிட வேறொரு வகையும் உண்டு. அதுதான் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை. ஏற்கெனவே சேவையில் இருப்பவர்கள் மட்டும் எழுதி மேல் சேவைக்கோ மேல் தரத்துக்கோ போகும் வழி அது. முகாமைத்துவ சேவையில் சுப்ரா தரம், அதிபர் சேவை, கல்வி நிர்வாக சேவை, இலங்கை நிர்வாக சேவை எல்லாவற்றுக்கும் இந்த வாசல் இருக்கிறது. ஈ.பி. தாண்டினால் இருக்கும் சேவையிலேயே முன்னேறலாம். மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சையில் சித்தியடைந்தால் கதிரை, அலுவலகம், சில நேரம் மாவட்டமே மாறும்.

*கோப்பித் தோட்டமும் மொழிப் பரீட்சையும்*

பிரித்தானியர் காலத்தின் ஆரம்பத்தில் இலங்கை சிவில் சேவைக்கு ஆட்களை எடுத்தது பெரும்பாலும் சிபாரிசில்தான். இங்கிலாந்தில் பெரிய இடத்துத் தொடர்பு இருந்தால் இங்கே உத்தியோகம். 1833 இல் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் வந்தது. சிவில் சேவையின் கதவை இலங்கையருக்கும் திறக்க வேண்டும் என்று அது சொன்னது. கூடவே செலவைக் குறைக்க உத்தியோகத்தரின் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கை வைத்தது. சம்பளம் குறைந்ததும் துரைமார் கச்சேரி வேலையை விட்டுவிட்டுக் கோப்பித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். காணி விற்கும் அரசாங்கத்தின் உத்தியோகத்தரே காணி வாங்கித் தோட்டம் செய்தார்கள். கச்சேரி வேலை கிடப்பில் கிடந்தது.

1840களின் நடுப்பகுதியில், ஸ்டான்லி பிரபு குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்தபோது, இதற்கு மருந்து தேடினார்கள். சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் சீர்செய்தார்கள். உத்தியோகத்தர் தோட்டம் செய்வதைத் தடுத்தார்கள். நாட்டு மக்களின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பதவி உயர்வோடு சேர்த்தார்கள். உள்ளகப் பரீட்சையின் விதை இங்கேதான் விழுந்தது.

அதற்குப் பத்து வருடத்துக்குள் இங்கிலாந்திலும் பெரிய மாற்றம் நடந்தது. 1854 இல் நோத்கோட், ட்ரவெலியன் என்ற இருவர் அறிக்கை ஒன்று கொடுத்தார்கள். சிபாரிசு வேண்டாம், போட்டிப் பரீட்சையில் ஆள் எடுங்கள், பதவி உயர்வைத் தகுதி பார்த்துக் கொடுங்கள் என்பது அதன் சாரம். அதை எழுதிய சார்ல்ஸ் ட்ரவெலியன்தான் பிறகு சென்னையின் ஆளுநராகவும் வந்தார். அந்தச் சிந்தனை நம் நாட்டுக்கும் வந்தது. 1875 இல் பொன்னம்பலம் அருணாசலம் லண்டனில் திறந்த போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து இலங்கை சிவில் சேவைக்குள் வந்தார். அந்த வழியில் வந்த முதல் இலங்கையர் அவர்தான்.

சேவைக்குள் வந்த பிறகும் பரீட்சை விடாது. புதிதாக வருபவரைக் கடேற் என்பார்கள். சட்டம், கணக்கு, உள்நாட்டு மொழிகள் எல்லாவற்றிலும் அவர் பரீட்சை எழுத வேண்டும். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனார்ட் வூல்ஃப் 1904 கடைசியில் இங்கே வந்தவர். 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரி, 1906 இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு, பிறகு கண்டி, 1908 முதல் 1911 வரை ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். கேம்பிரிட்ஜில் படித்த அந்த மனிதரும் இங்கே வந்து தமிழும் சிங்களமும் படித்துப் பரீட்சைக்குப் போக வேண்டியிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் நம்மை அடக்கி ஆண்டவன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஓர் உண்மை அவனுக்குத் தெரிந்திருந்தது. மனு கொண்டுவந்து முன்னால் நிற்கும் ஆளின் பேச்சு விளங்காத உத்தியோகத்தரால் வரியும் வசூலிக்க முடியாது, வழக்கும் விசாரிக்க முடியாது. அதனால் மக்களின் மொழியில் உத்தியோகத்தரைச் சோதித்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

*நம் சமூகம் பிந்தி வந்த கதை*

அரச உத்தியோகத்தின் மொழி ஆங்கிலம். பொது எழுதுவினைஞர் சேவைக்கும் ஆங்கிலத்தில்தான் பரீட்சை. மிஷனரிப் பாடசாலைகளில் பிள்ளைகளின் மார்க்கம் போய்விடும் என்ற பயத்தில் நம் முன்னோர் ஒதுங்கி நின்றார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது, அதற்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. 1892 இல் மருதானையில் சித்திலெப்பை, ஒராபி பாஷா போன்றோரின் முயற்சியில் ஆரம்பித்த மத்ரஸாதான் பிறகு ஸாஹிராக் கல்லூரியானது. அதன் பலன் சேவைக்குள் தெரிய இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் எடுத்தது.

1935 இல்தான் முதல் முஸ்லிம் சிவில் சேவைக்குள் போனார். அவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்தவர். அருணாசலம் போய்ச் சரியாக 60 வருடங்களின் பிறகு. யுத்த காலத்தில், 1942 இல், உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். அந்த மக்களின் மொழியைப் பேசிய உத்தியோகத்தர் அங்கே என்ன செய்தார் என்பதைக் கிழக்கு மாகாணத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். 1948 இல் சிவில் சேவையையே விட்டுவிட்டு ஸாஹிராவின் அதிபரானார். தான் நுழைந்த வாசலில் மற்றவர்களையும் நுழைய வைக்க வேண்டும் என்ற எண்ணம் அது.

*1956: பரீட்சையின் மொழி மாறியது*

1956 ஜூன் மாதம் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆதரவாக 56 வாக்கு, எதிராக 29. சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்றானது.

நம் சமூகம் அப்போது ஒரே பக்கம் நிற்கவில்லை. சேர் ராசிக் பரீத் சட்டத்தை ஆதரித்தார். சிங்கள மக்கள் நடுவே சிதறி வாழும் முஸ்லிம்களின் பாதுகாப்பும் வியாபாரமும் அவருடைய கணக்கில் இருந்தன. அப்போது செனட் சபையில் இருந்த அஸீஸ் அவர்கள் அதை ஏற்கவில்லை. தாம் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சி சிங்களம் மட்டும் கொள்கைக்கு மாறியதும் அந்தக் கட்சியை விட்டே விலகினார். இருவரும் சமூகத்தை நேசித்தவர்கள். யார் சரி, யார் பிழை என்ற தீர்ப்பை இங்கே சொல்ல வரவில்லை. அந்தச் சட்டம் அலுவலகத்துக்குள் வந்தபோது தமிழில் படித்த முஸ்லிம் கிளார்க்கையும் தமிழ்க் கிளார்க்கையும் அது வேறுபடுத்திப் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். இருவருக்கும் ஒரே பரீட்சைதான்.

1961 ஜனவரி முதல் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்த வருடம் டிசம்பர் மாதம் திறைசேரி 560 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், இல்லாவிட்டால் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்றது. ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் வேலை செய்ய என்று சேர்க்கப்பட்டவர்கள், நடு வயதில் அகரம் முதல் ஒரு மொழியைப் படிக்க வேண்டி வந்தது. சிலர் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்துச் சித்தியடைந்தார்கள். சிலர் முன்கூட்டியே ஓய்வுபெற்றார்கள். சிலர் கடல் கடந்து போனார்கள். ஒருவர் மட்டும் நீதிமன்றத்துக்குப் போனார்.

*கோடீஸ்வரன் வழக்கு*

செல்லையா கோடீஸ்வரன் கேகாலைக் கச்சேரியில் வேலை செய்த தமிழ் உத்தியோகத்தர். பொது எழுதுவினைஞர் சேவையில் நிறைவேற்று எழுதுவினைஞர் தரத்தில் இருந்தவர். அவர் சிங்களப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்ரல் 1 ஆம் திகதி கிடைக்க வேண்டிய வருடாந்த சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. ஒரு கிளார்க்கின் ஒரு வருடச் சம்பள ஏற்றம். கேட்பதற்குச் சின்ன விஷயம். அதற்காகச் சட்டமா அதிபர் மீது கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

அவருடைய வாதம் இதுதான். அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத கஷ்டத்தை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது என்று சொல்கிறது. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிரிவை மீறுகிறது. சட்டமே செல்லாது என்றால் அதன் கீழ் வந்த சுற்றறிக்கையும் செல்லாது. ஆகவே என் சம்பள ஏற்றத்தைத் தாருங்கள்.

1964 இல் மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிரெட்சர் கோடீஸ்வரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனால் மொழிச் சட்டம் சரியா பிழையா என்பதை அது தொடவில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்ற காரணத்தை வைத்தே வழக்கை முடித்தது.

கோடீஸ்வரன் விடவில்லை. அன்றைக்கு நம் நாட்டின் இறுதி மேன்முறையீடு லண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்குத்தான். 1969 டிசம்பரில் அங்கே தீர்ப்பு வந்தது. அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக வழக்குப் போடலாம் என்று அவருக்குச் சார்பாகச் சொன்னார்கள். மொழிச் சட்டம் அரசியலமைப்பை மீறுகிறதா என்ற கேள்வியை இலங்கை உயர் நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்த விசாரணை நடக்கவே இல்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே மாதம் வந்த குடியரசு அரசியலமைப்பு 29 ஆம் பிரிவையே எடுத்துவிட்டுச் சிங்களத்தின் இடத்தை அரசியலமைப்புக்குள் வைத்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேள்வித்தாளையே மாற்றிய மாதிரி. பத்து வருடம் ஒரு மனிதர் நடந்த பாதை அப்படி முடிந்தது.

அன்பர்களே, ஒரு மொழியைப் படிக்கச் சொன்னது அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. நாமே ஹெந்தளையில் சிங்களம் பேசித்தான் கடைக்குப் போகிறோம், பஸ்ஸில் ஏறுகிறோம், அயலவரோடு சிரிக்கிறோம். அது நமக்கு வரம். அன்று பிழைத்தது வேறு இடத்தில். கேகாலையில் சிங்களம் பேசும் மக்களுக்கு வேலை செய்பவருக்குச் சிங்களம் தேவை என்றால் விளங்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ் மக்களுக்கு வேலை செய்பவருக்கும் அதே சிங்களப் பரீட்சை. அவர்களுக்கு வேலை செய்ய வரும் சிங்கள உத்தியோகத்தருக்கோ தமிழ்ப் பரீட்சை கட்டாயமில்லை. வெள்ளைக்காரனின் கடேற் பரீட்சை மக்களின் மொழியைக் கேட்டது, சுதந்திர இலங்கையின் பரீட்சை அரசாங்கத்தின் மொழியை மட்டும் கேட்டது. மக்களுக்கு உதவ வேண்டிய தடை, ஆட்களைச் சலிக்கும் சல்லடையானது. ஒரே பெயர், ஒரே மண்டபம், நோக்கம் மட்டும் தலைகீழ்.

*மேலே போக ஒரு வாசல்*

அதே காலத்தில் நல்ல மாற்றம் ஒன்றும் நடந்தது. 1963 மே 1 ஆம் திகதி பழைய சிவில் சேவை ஒழிக்கப்பட்டு இலங்கை நிர்வாக சேவை ஆரம்பமானது. துரைமார் காலத்துச் சிறு கூட்டத்தின் சேவை, பரந்த சேவையானது. கீழ்த் தரத்தில் சேர்ந்த ஒருவர் மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை எழுதிப் பிரதேச செயலாளராகவோ அமைச்சின் செயலாளராகவோ வரக்கூடிய பாதை இன்று இருக்கிறதே, அதன் அடித்தளம் அங்கேதான். அதே 1963 இல் அஸீஸ் அவர்கள் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் உறுப்பினரானார். ஒரு காலத்தில் அந்தச் சேவையில் நம்மவர் ஒருவர்கூட இல்லை. நியமனமும் பதவி உயர்வும் தீர்மானிக்கும் மேசையில் இப்போது நம்மவர் ஒருவர் அமர்ந்தார்.

பணம் இல்லை, பெரிய பாடசாலை இல்லை, ஏ.எல். முடித்ததும் குடும்பச் சுமைக்காக வேலைக்குப் போனவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்கு இரண்டாவது சந்தர்ப்பம் இந்தப் பரீட்சைதான். 18 வயதில் தவறிய வாசலை 35 வயதில் திறக்க அரசாங்கமே சாவி தருகிறது.

*திரும்பி வந்த தமிழ்*

1978 அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழியாக்கியது. 1987 நவம்பரில் 13 ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. 1988 டிசம்பரில் 16 ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றிய விதிகளைச் சீர்செய்தது. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி, அரச சேவைக்குச் சேரும் பரீட்சையைச் சிங்களத்திலோ தமிழிலோ எழுத உரிமை உண்டு. சேர்ந்த பிறகு நியாயமான காலத்துக்குள் மற்ற மொழியைப் படிக்கச் சொல்லலாம் என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. 1991 இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. மொழி உரிமை மறுக்கப்பட்டால் அங்கே முறையிடலாம்.

இதெல்லாம் காகிதத்தில் இருந்தது. உத்தியோகத்தரின் சம்பளத்தோடும் நிரந்தரமாக்கலோடும் இதைக் கட்டியது 7/2007 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை. 2007 ஜூலை 1 ஆம் திகதியும் அதற்குப் பிறகும் சேருபவர்கள் 5 வருடங்களுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சிங்களத்தில் சேர்ந்தவர் தமிழ் படிக்க வேண்டும், தமிழில் சேர்ந்தவர் சிங்களம் படிக்க வேண்டும். பிறகு 2020 இல் வந்த 18/2020 சுற்றறிக்கை இந்த ஒழுங்குகளைத் திருத்தியது. இராஜகிரியவில் இருக்கும் அரச கரும மொழிகள் திணைக்களம் எழுத்துப் பரீட்சையும் வாய்மொழிப் பரீட்சையும் நடத்துகிறது.

கோடீஸ்வரன் சம்பள ஏற்றம் இழந்து 45 வருடம். அவர் கேட்ட கேள்விக்கு நீதிமன்றம் பதில் தரவில்லை, சுற்றறிக்கை ஒன்று பாதிப் பதில் தந்தது. இன்று ஒரு சிங்கள சகோதரி தமிழ் அரிச்சுவடியை வைத்துக்கொண்டு 'ழ'கரத்தோடு போராடுகிறார் என்றால், பரீட்சை மறுபடியும் மக்களின் மொழியைக் கேட்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். நம் அயலில் அப்படி யாராவது உங்களிடம் உதவி கேட்டால் தயவுசெய்து சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு உம்மா பிறப்புச் சான்றிதழுக்குப் போய் நிற்கும் கவுன்டரில் அவர்தான் இருப்பார்.

ஏன் பாதிப் பதில் என்கிறோம்? பரீட்சையில் சித்தி என்பது ஒன்று, கவுன்டரில் பேசுவது வேறொன்று. சான்றிதழ் கோப்பில் இருக்கும், முன்னால் நிற்கும் வயதானவருக்கு ஒரு வார்த்தை தமிழில் சொல்ல வராது. நம்மவரில் சிலரும் சிங்கள எழுத்துப் பரீட்சையை மனப்பாடத்தில் தாண்டிவிட்டுக் கடிதம் எழுதும்போது மற்றவரைத் தேடுகிறார்கள். 2007 க்கு முன் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதும் உண்மை. இன்னொரு குறை, ஈ.பி. வகுப்புகள். சிங்கள மொழியில் வகுப்பும் கையேடும் தாராளம். தமிழில் தேடினால் பல இடங்களில் பழைய போட்டோகொப்பிதான். கேள்வித்தாளின் தமிழ் மொழிபெயர்ப்பு விளங்காமல் சிங்களக் கேள்வியை எட்டிப் பார்த்து எழுதியதாகச் சொன்னவர்களை நாம் சந்தித்திருக்கிறோம்.

தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே இவற்றைத் துறைத் தேர்வு என்கிறார்கள். 1929 இல் சென்னையில் உருவான தேர்வாணையத்தின் வழியில் வந்த தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், வருடத்தில் மே, டிசம்பர் என்று இரண்டு தடவை நடத்துகிறது. பள்ளியில் தமிழ் படிக்காமல் அரச வேலையில் சேர்ந்தவர் இரண்டு வருடத்துக்குள் தமிழ்த் தேர்வில் சித்தியடைய வேண்டும் என்பதும் அங்கே விதி. மொழியைக் கேட்பது எங்கும் உள்ள வழக்கம்தான். யாருக்குச் சேவை செய்ய அந்த மொழி கேட்கப்படுகிறது, படிக்கச் சந்தர்ப்பம் கொடுக்கப்படுகிறதா, பரீட்சை நேரத்துக்கு நடக்கிறதா என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

*நம் வீட்டுக் கதை*

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி. கெட்டிக்காரி. வேலை கிடைத்த அடுத்த வருடம் கல்யாணம், பிறகு பிள்ளை. ஈ.பி. விண்ணப்பத் திகதி இரண்டு தடவை போய்விட்டது. "அடுத்த முறை பார்க்கலாம்" என்று வீட்டிலும் சொன்னார்கள். அவரோடு ஒரே நாளில் நியமனம் பெற்றவர்கள் இன்று அடுத்த தரத்தில் இருக்கிறார்கள். அவருடைய பதவி உயர்வுத் திகதி பிந்திவிட்டது. பிந்தியது அந்த இரண்டு வருடம் மட்டும் என்று நினைக்காதீர்கள். மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சைக்குத் தேவையான சேவைக்காலமும் தரமும் அதோடு சேர்ந்து பிந்தும், கடைசியில் ஓய்வூதியத்திலும் தெரியும்.

கோடீஸ்வரன் ஒரு சம்பள ஏற்றத்துக்காக லண்டன் வரை போனார். நம் பிள்ளைகள் அதே சம்பள ஏற்றத்தை ஒரு விண்ணப்பம் அனுப்பாமல் இழக்கிறார்கள். இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, வீட்டில் உள்ளவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். பரீட்சைக்குப் படிக்கும் மருமகளுக்கு இரண்டு மாதம் சமையலறையில் ஒத்தாசை செய்தால், அந்தப் பலன் அவருடைய முழுச் சேவைக்காலத்துக்கும் வரும்.

சேவையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. நியமனக் கடிதத்தையும் உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பையும் எடுத்து, எந்தத் திகதிக்கு முன் எந்தப் பரீட்சை என்று இன்றே எழுதி வையுங்கள். பெரும்பாலான சேவைகளில் முதல் தடைக்கு மூன்று வருடம்தான்.

2. வர்த்தமானியையும் உங்கள் திணைக்களத்தின் அறிவித்தலையும் நீங்களே பாருங்கள். அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

3. தாபனக் கோவையையும் நிதிப் பிரமாணங்களையும் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள். உங்கள் லீவு, இடமாற்றம், ஒழுக்காற்று விசாரணை, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் உங்கள் உரிமை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

4. சிங்களத்தைப் பேச்சோடு விடாமல் எழுத்திலும் படியுங்கள். நம் ஊரில் வளரும் பிள்ளைக்குப் பேச்சுச் சிங்களம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. எழுத்தும் சேர்ந்தால், அதைப் புதிதாக ஆரம்பிக்கும் தூர ஊர்ப் பிள்ளையைவிட ஒரு படி முன்னால் நிற்கலாம்.

5. கேள்வித்தாளின் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் வீட்டுக்கு வந்து குறைப்படுவதோடு நிற்க வேண்டாம். எழுத்தில் பரீட்சைத் திணைக்களத்துக்கும், தேவைப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் அறிவியுங்கள்.

சேவையில் மூத்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் தாண்டி வந்த பரீட்சையின் குறிப்புகள், பழைய கேள்வித்தாள்கள் வீட்டில் அலுமாரியில் இருக்கும். இளையவர்களுக்குக் கொடுங்கள். வார இறுதியில் இரண்டு மணித்தியாலம் தமிழில் சொல்லிக்கொடுக்க முன்வருபவர்கள் கீழே கொமென்டில் எழுதுங்கள், பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ இடம் கேட்டு ஒழுங்கு செய்யலாம், இன்ஷா அல்லாஹ். தமிழ் சகோதரர்களும் வரலாம். சிங்கள மொழி சொல்லித்தரக்கூடிய அயலவர் யாரும் இருந்தால் அவர்களும் வரட்டும், பதிலுக்கு நாம் தமிழ் சொல்லிக்கொடுப்போம்.

அரச உத்தியோகம் ஓர் அமானிதம். கதிரையின் இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் மொழியும் உரிமையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தடை. அந்த நோக்கம் தவறிய காலத்தில் நம் முன்னோர் பட்டது போதும். இன்று வாசல் திறந்திருக்கும்போது விண்ணப்பத் திகதியைத் தவறவிட நமக்கு நியாயமில்லை.

சேவையில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் இதைப் பகிருங்கள். அடுத்த ஈ.பி. எழுதப் போகிறவர்களுக்காக துஆ செய்யுங்கள்.